இரண்டு படுக்கையறை வீட்டுக்கு எவ்வளவு வாடகை சொல்வது? ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள்

மாடிப்படி கேட்டது:

வணக்கம். இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை முதன்முறையாக வாடகைக்கு விட வேண்டும். கட்டி 12 வருடம். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இருசக்கர வண்டி நிறுத்த மட்டும் இடம் உண்டு. சமையலறையில் அலமாரி வேலை முழுவதும் செய்தாகிவிட்டது. பொதுப் பராமரிப்புக் கட்டணத்தைக் குடிவருபவர் தனியாகக் கட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு மாதமாக வீடு பூட்டியே கிடக்கிறது.

பணக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும் என்பதால், எதிர்வீட்டில் குடியிருப்பவர் கொடுக்கும் வாடகையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். அவர் குடிவந்து நான்கு வருடம் ஆகிறது. தரகர் 112 வாங்கலாம் என்கிறார். இணைய விளம்பரங்களில் இதே அளவு வீடுகளுக்கு 120 முதல் 130 வரை கேட்கிறார்கள். வீட்டுக்கடன் தவணை 165.

இதில் எந்த எண்ணைப் பிடித்துக்கொள்வது? கட்டில், குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் போட்டுக் கொடுத்தால் கூட வாங்க முடியுமா? அந்தச் சாமான்களுக்கு மொத்தம் ஒன்பது மாத வாடகை அளவுக்குச் செலவாகும். வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏற்றுவது?

---

சாவிக்கொத்து எழுதியது:

நீங்கள் சொன்ன நான்கு எண்ணில் ஒன்றுகூட இன்றைய வாடகை இல்லை. எதிர்வீட்டு 100 நான்கு வருடத்துக்கு முந்தைய பேச்சு. நீண்ட நாள் குடியிருப்பவர்களின் வாடகை பெரும்பாலும் சந்தைக்குக் கீழே தங்கிவிடும். இணையத்தில் இருக்கும் 120, 130 எல்லாம் வீட்டுக்காரர்கள் கேட்கும் தொகை, யாரும் கொடுத்த தொகை கிடையாது. இன்னொன்றும் இருக்கிறது. சரியான வாடகை சொன்ன வீடு சீக்கிரம் போய்விடுகிறது, விளம்பரமும் மறைந்துவிடுகிறது. விலை மிஞ்சிய வீடுகள்தான் மாதக்கணக்கில் அங்கேயே நிற்கும். அதனால் எந்த நாளில் பார்த்தாலும் விளம்பரப் பட்டியல் உண்மையைவிட உயரமாகத்தான் தெரியும்.

உங்களுக்கு வேண்டியது கடந்த மூன்று மாதத்துக்குள் கைமாறிய வீடுகளின் வாடகை. ஐந்தாறு வீடு கிடைத்தால் போதும். நடந்து போகும் தூரத்துக்குள், அதே எண்ணிக்கை அறைகளோடு இருக்க வேண்டும். விளம்பரங்களைத் தேதியோடு ஒரு தாளில் குறித்து, வாரம் ஒருமுறை திரும்பப் பாருங்கள். பத்து நாளுக்குள் மறைந்தது சரியான விலைக்கு அருகில் இருந்திருக்கும். நாற்பத்தைந்து நாளாகியும் நிற்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தரகரிடம் "என் வீடு எவ்வளவுக்குப் போகும்" என்று கேட்டால் உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு எண் வரும். "இந்தத் தெருவில் நீங்கள் கடைசியாக முடித்த மூன்று வீடு எவ்வளவுக்கு முடிந்தது, எத்தனை நாள் ஆனது" என்று கேளுங்கள். அதற்கு மழுப்பாமல் பதில் சொல்பவரோடு மேற்கொண்டு பேசலாம்.

வீடுகள் கிடைத்ததும் அவற்றை உங்கள் வீட்டுக்குச் சமமாக்க வேண்டும். அந்த வீட்டில் கூடுதலாக இருப்பதன் மதிப்பைக் கழியுங்கள், உங்களிடம் கூடுதலாக இருப்பதைக் கூட்டுங்கள். ஓர் உதாரணம் போட்டுக் காட்டுகிறேன்.

பக்கத்துத் தெருவில் இதே அளவு வீடு போன மாதம் 114-க்குப் போனது, அதற்குக் கார் நிறுத்த இடம் உண்டு என்று வையுங்கள். காருக்கு 6 கழித்தால் 108. உங்கள் கட்டடத்திலேயே மூன்றாவது மாடி வீடு 102. ஒரு மாடி குறைவாக ஏறுவதால் உங்களுக்கு 2, சமையலறை அலமாரிக்கு 3, ஆக 107. புதிய கட்டடத்தில் லிஃப்ட்டோடு ஒன்று 128, ஆனால் பராமரிப்புக் கட்டணம் 8 அதற்குள்ளேயே அடக்கம். முதலில் அந்த 8-ஐக் கழியுங்கள், 120. லிஃப்ட்டுக்கு 4, கட்டடம் புதியது என்பதற்கு 5, மிச்சம் 111.

107, 108, 111. சராசரி போட வேண்டாம். குறைவாகக் கூட்டிக் கழித்த வீட்டுக்குத்தான் மதிப்பு அதிகம், அதனால் நான் 111-ஐ விட்டுவிட்டு 107, 108 பக்கம்தான் நிற்பேன். கூட்டல் கழித்தல் எல்லாம் சேர்ந்து வாடகையில் கால்வாசியைத் தாண்டிவிட்டால் அந்த வீடு ஒப்பிடவே லாயக்கில்லை, எடுத்துவிடுங்கள்.

கார் இடத்துக்கு 6 என்று எப்படிச் சொல்வது? அந்த ஒன்றில் மட்டும் வேறுபடும் இரண்டு வீட்டைத் தேடுங்கள். ஒரே கட்டடத்தில், ஒரே அளவில், ஒன்றுக்குக் கார் இடம் உண்டு, மற்றதற்கு இல்லை என்றால், அந்த இரண்டின் வாடகை வித்தியாசம்தான் கார் இடத்தின் விலை. மாடிக்கும் பால்கனிக்கும் இதே வழிதான்.

அளவில் பலர் ஏமாறுவார்கள். சுவர், மாடிப்படி, நடைவழி எல்லாம் சேர்த்த அளவை ஒருவர் சொல்வார், இன்னொருவர் உள்ளளவைச் சொல்வார். எல்லா வீட்டுக்கும் சுவருக்குச் சுவர் உள்ளளவையே எடுங்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே விகிதத்தில் பெருக்கவும் கூடாது. சின்ன வீட்டில் சதுர அடி வாடகை அதிகமாகவும் பெரிய வீட்டில் குறைவாகவும்தான் வரும், ஏனென்றால் சமையலறையும் குளியலறையும் எல்லா வீட்டுக்கும் வேண்டும்.

---

நாள்கணக்கு எழுதியது:

சாவிக்கொத்து சொன்ன 108-ஐ வைத்தே தொடர்கிறேன். மாத வாடகையைப் பார்க்காமல் வருடத்துக்குக் கையில் வந்த தொகையைப் பாருங்கள்.

108-க்கு உடனே ஆள் வந்தால் 12 மாதத்தில் 1296. 115 கேட்டு ஒரு மாதம் கூடுதலாகக் காலியாகக் கிடந்தால் 11 மாத வாடகை, 1265. முதல் வருடத்தில் 31 நஷ்டம். அந்த 115-காரர் தொடர்ந்து இருந்து, பதினேழாவது மாதம் வந்த பிறகுதான் 108-ஐ எட்டிப் பிடிப்பீர்கள். அதற்குள் அவர் காலி செய்தால் கூடக் கேட்டதற்குப் பலனே கிடையாது.

ஆனால் இதை "குறைத்தே விடு" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே 115-க்கு இரண்டே வாரம் காத்திருந்தால் போதும் என்றால், ஒன்பதாவது மாதத்திலேயே முந்திவிடுவீர்கள். மனதில் வைத்துக்கொள்ள ஓர் அளவு: வாடகையில் 1 சதவீதம் என்பது வருடத்தில் மூன்றரை நாள் காலியாகக் கிடப்பதற்குச் சமம். 5 சதவீதம் கூடக் கேட்டால் பதினெட்டு நாள். அதைத் தாண்டிக் காத்திருந்தால் அந்த வருடம் நஷ்டம்தான்.

தவணை 165 என்பது உங்களுக்கும் கடன் கொடுத்தவருக்கும் நடுவே உள்ள கணக்கு. வீடு பார்க்க வருபவருக்கு அது தெரியாது, தெரிந்தாலும் அவர் அதற்காகக் கூடக் கொடுக்கப் போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கடனே இல்லாமல் கட்டியிருந்தால் அவர் இலவசமாகவா விடுவார்? தவணையில் ஒரு பகுதி அசல், அது உங்கள் சொத்தாகத்தான் சேர்கிறது. தவணையையும் வரியையும் மராமத்தையும் கூட்டிப் பார்ப்பது இந்த வீட்டை வைத்துக்கொள்வதா விற்பதா என்று முடிவெடுக்க உதவும். வாடகையைத் தீர்மானிக்க உதவாது. மாத வாடகை வீட்டு விலையில் 1 சதவீதம் வர வேண்டும் என்று முதலீட்டாளர்கள் சொல்லும் கணக்கும் இப்படித்தான். வாங்கலாமா வேண்டாமா என்று பார்க்க அது ஒரு சல்லடை. பல நகரங்களில் வருட வாடகை முழுவதையும் கூட்டினாலும் வீட்டு விலையில் 3 சதவீதம் தேறாது, அங்கே அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு வாடகை கேட்டால் வீடு பூட்டியே கிடக்கும்.

முன்பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "முன்பணம் கூடத் தருகிறேன், வாடகையைக் குறையுங்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. ஆண்டு வட்டி 6 சதவீதம் என்றால், கூடுதலாக வாங்கும் ஒவ்வொரு மாத முன்பணமும் மாதத்துக்கு அரை சதவீத வாடகையைத்தான் ஈட்டும். இரண்டு மாதம் கூடத் தருகிறார் என்றால் 108-க்கு 1 குறைக்கலாம். 5 குறைத்தால் நீங்கள்தான் அவருக்கு வட்டி கட்டுகிறீர்கள். முன்பணம் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் என்பதால் அதைத் தனிக்கணக்கில் வைத்துவிடுங்கள். எவ்வளவு வாங்கலாம் என்பதற்குப் பல இடங்களில் சட்ட வரம்பும் உண்டு, அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

உயரக்கிளை எழுதியது:

முதலில் 125 சொல்லிப் பார்க்கலாமே? யாரும் வராவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வரலாம். குறைத்துச் சொல்லிவிட்டால் பிறகு ஏற்ற முடியாது.

---

நாள்கணக்கு எழுதியது:

உயரக்கிளை சொல்வது ஒரே ஒரு சமயத்தில் பலிக்கும். பழைய குடித்தனக்காரர் காலி செய்வதாகச் சொல்லிவிட்டு இன்னும் இரண்டு மாதம் வாடகை கொடுத்துக்கொண்டு இருக்கிறார் என்றால், அந்த நாட்களில் காலியாகக் கிடக்கும் நஷ்டம் கிடையாது. முதல் இரண்டு வாரம் கூடச் சொல்லிப் பார்ப்பதில் தவறில்லை. இங்கே வீடு பூட்டிக் கிடக்கிறது, ஒவ்வொரு நாளும் வாடகையில் முப்பதில் ஒரு பங்கு போகிறது.

புதிய விளம்பரத்துக்கு முதல் ஏழு முதல் பத்து நாள்தான் மவுசு. தீவிரமாக வீடு தேடுபவர்கள் ஏற்கெனவே எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் புதிதாக வருவதற்காகவே காத்திருப்பவர்கள். அவர்கள் கண்ணில் 125 பட்டால் தாண்டிப் போய்விடுவார்கள். ஒரு மாதம் கழித்து 110-க்கு இறக்கும்போது அவர்களில் பலர் வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருப்பார்கள். மிச்சம் இருப்பவர்கள் "இவ்வளவு நாளாக ஏன் போகவில்லை, உள்ளே என்ன கோளாறு" என்றுதான் தொடங்குவார்கள்.

பேரம் பேசும் இடமாக இருந்தால் 2, 3 சதவீதம் மேலே வைத்து 110 அல்லது 111 சொல்லுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். தேடுபவர்கள் முழு எண்ணில்தான் உச்சவரம்பு போட்டுத் தேடுவார்கள். உங்கள் பணக் கணக்கில் இந்தத் தொகை ஒரு முழு எண்ணைக் கொஞ்சம் தாண்டி நின்றால், அந்த வரம்பு போட்டவர்கள் யாருக்கும் உங்கள் வீடு தெரியாது. அங்கே முழு எண்ணுக்கே இறக்கிவிடுவது லாபம்.

பிறகு பத்து நாள் கணக்கு எழுதுங்கள். எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் வந்து பார்த்தார்கள், எத்தனை பேர் வேண்டும் என்றார்கள். யாருமே கேட்கவில்லை என்றால் விலை அல்லது புகைப்படம். கேட்கிறார்கள், பார்க்க வரவில்லை என்றால் விளம்பரத்தில் சொல்லாத ஏதோ ஒன்று பேச்சில் வெளிவருகிறது, பெரும்பாலும் பராமரிப்புக் கட்டணமோ லிஃப்ட் இல்லாததோ. அதை விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள், உங்கள் நேரமும் மிச்சம். பத்துப் பேர் வந்து பார்த்தும் ஒருவரும் பிடிகொடுக்கவில்லை என்றால் வீட்டுக்குள்தான் பிரச்சினை, விலையைத் தொடாதீர்கள். முதல் நாளே நாலு பேர் கேள்வியே கேட்காமல் முன்பணத்தோடு நின்றால் குறைத்துச் சொல்லிவிட்டீர்கள்.

குறைப்பதாக இருந்தால் 4, 5 சதவீதம் ஒரே தடவையாகக் குறையுங்கள். வாரம் ஒன்றாக இறக்கினால் பார்ப்பவர் அடுத்த வாரத்துக்காகக் காத்திருப்பார். தேடும் ஆட்கள் குறைந்த மாதமாக இருந்தால் இன்னொரு வழி, வாடகையை 108-லேயே வைத்து முதல் அரை மாதத்தை விட்டுக்கொடுங்கள். 12 மாதத்துக்குப் பரப்பினால் அது 103.5-க்குச் சமம், ஆனால் அடுத்த வருட ஏற்றம் 108-இல் இருந்து தொடங்கும்.

---

பூச்சுவேலை எழுதியது:

இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது என்று சொன்னதால் எழுதுகிறேன். யாருக்காவது வீட்டைக் காட்டுவதற்கு முன் நீங்கள் ஒருமுறை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சை இழுத்துப் பாருங்கள். சாக்கடை வாடை வந்தால் பைப்பில் கோளாறு என்று பயப்பட வேண்டாம். குளியலறைத் தரையிலும் சிங்க்குக்குக் கீழேயும் உள்ள வளைவில் எப்போதும் சில சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தங்கி நின்று வாயுவை மறிக்கும். புழங்காத வீட்டில் அந்தத் தண்ணீர் காய்ந்துவிடும், வாடை நேராக மேலே வரும். ஒவ்வொரு துளையிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் அது படலமாக மிதந்து தண்ணீர் ஆவியாவதைத் தள்ளிப்போடும். வாரம் ஒருமுறை போய்ப் பார்த்தால் போதும்.

வருகிறவர்கள் கூடத்தைச் சும்மா பார்ப்பார்கள். குளியலறையிலும் சமையலறையிலும்தான் முடிவெடுப்பார்கள். குழாயைத் திறந்து தண்ணீர் வேகம் பார்ப்பார்கள், சிங்க்குக்கு அடியில் உள்ள கதவைத் திறப்பார்கள், மேல் மூலையில் ஓதம் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பார்கள். ஓதக் கறையின் மேல் அப்படியே பெயின்ட் அடித்து மறைத்தால் சில மாதத்தில் உரிந்துவிடும், அப்போது குடிவந்தவர் வாடகையைப் பிடித்துவைப்பார். கசிவை அடைத்து, சுவர் காய்ந்த பிறகு சுரண்டி, பட்டி பார்த்து அடியுங்கள்.

எந்தச் செலவையும் கூடக் கிடைக்கும் வாடகையால் வகுத்துப் பாருங்கள். அரை மாத வாடகைச் செலவில் குழாய் வாஷர், நல்ல விளக்குகள், சமையலறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன், ஜன்னல்களுக்குக் கொசுவலை முடிகிறது, அதனால் 3 கூடக் கிடைக்கிறது என்றால் 54 வகுத்தல் 3, பதினெட்டு மாதத்தில் போட்டது திரும்பிவிடும். செய்யலாம். இத்தாலிய மார்பிள் போட்டால் எத்தனை வருடம் ஆகும் என்று இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

சாமான் போட்டுக் கொடுப்பதிலும் அதுதான். ஒன்பது மாத வாடகை என்றால் 972. கட்டில், பெட்டி, இயந்திரம் எல்லாம் சராசரியாக ஆறு வருடம், அதாவது 72 மாதம் உழைக்கும் என்று வைத்தால் மாதத்துக்கு 13.5 தேய்மானம் மட்டும். பழுதுக்கு 2 சேர்த்தால் 15.5. சாமான் உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் உங்கள் பகுதியில் வித்தியாசம் 10-தான் என்றால் மாதம் 5.5 கையைவிட்டுப் போகும். குறைந்த நாள் தங்க வருபவர்கள் அதிகம் உள்ள பகுதியில் வித்தியாசம் கூடுதலாக இருக்கும், அங்கே யோசிக்கலாம். குடும்பங்கள் தேடும் இடத்தில் அவர்களே சாமானோடு வருவார்கள், உங்கள் கட்டில் இடைஞ்சல். சுவரோடு நிற்கும் அலமாரி, வெந்நீர் ஹீட்டர், திரைச்சீலைக் கம்பி வரை போட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

---

மாடிப்படி எழுதியது:

மிக்க நன்றி. சமையலறை வாடைக்குக் காரணம் சிங்க் வளைவுதான், தண்ணீர் ஊற்றியதும் அடங்கிவிட்டது. விசாரித்ததில் கடைசியாகக் கைமாறிய நான்கு வீடுகள் கூட்டிக் கழித்த பிறகு 106-க்கும் 110-க்கும் நடுவே வருகின்றன. 109 என்று விளம்பரம் கொடுக்கப்போகிறேன். இரண்டு கேள்வி மிச்சம். ஒருவர் 115 தரத் தயார், ஆனால் சம்பளத்தில் பாதி வாடகைக்கே போய்விடும் போலிருக்கிறது. எடுக்கலாமா? வருட ஏற்றம் எப்படி எழுதுவது?

---

சாவிக்கொத்து எழுதியது:

வேண்டாம் என்பேன். அமெரிக்காவில் அரசு வீடுகளில் குடியிருப்பவர்களிடம் வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்று 1969-இல் வரம்பு வைத்து, 1981-இல் அதை 30 ஆக்கினார்கள். உலகம் முழுக்க இன்று பேசப்படும் 30 சதவீதம் என்ற அளவு பெரும்பாலும் அங்கிருந்து பரவியது. அது வேதவாக்கு கிடையாது, ஆனால் பாதிச் சம்பளம் வாடகைக்குப் போகிறவருக்கு ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் முதலில் நிற்பது உங்கள் வாடகைதான். இரண்டு மாதம் பாக்கி நின்றால், 109-க்கு மேல் அவர் தரும் 6-ஐ வைத்து அதை ஈடுகட்ட மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். வாடகையோடு பராமரிப்பையும் மின்கட்டணத்தையும் சேர்த்து வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்குபவரைப் பாருங்கள்.

ஏற்றத்தை எழுதும்போது எதன் மேல் என்று எழுதாமல் விடுவதால்தான் சண்டை வருகிறது. "வருடம் 5 சதவீதம்" என்பதை ஒருவர் முதல் வாடகை மேல் என்பார், இன்னொருவர் நடப்பு வாடகை மேல் என்பார். நடப்பு வாடகை மேல் என்றால் 109, 114.45, 120.17 என்று போகும். முதல் வாடகை மேல் என்றால் மூன்றாவது வருடம் 119.9. இப்போது வித்தியாசம் சிறியது, பத்து வருடத்தில் பெரியது. சதவீதத்தோடு ஒவ்வொரு வருடத் தொகையையும் எண்ணாலும் எழுத்தாலும் போட்டுவிடுங்கள். ஏற்றத்துக்குச் சட்ட வரம்போ முன்னறிவிப்புக் காலமோ உங்கள் இடத்தில் இருந்தால் ஒப்பந்தத்தில் எதை எழுதினாலும் அதுதான் நிற்கும். எப்படியும் இரண்டு மாதத்துக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

எழுதிவிட்டோம் என்பதற்காக ஒவ்வொரு வருடமும் முழுதாக ஏற்றியே தீர வேண்டும் என்றும் இல்லை. ஆள் மாறினால் இருபத்தைந்து நாள் காலி, தரகுக் கூலி, வெள்ளையடிப்பு எல்லாம் சேர்ந்து சுமார் இரண்டு மாத வாடகை போகும். ஒழுங்காகக் கொடுத்து வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பவரைச் சந்தையைவிட நாலரை சதவீதம் குறைவாக வைத்திருந்தால் வருடத்துக்கு அரை மாத வாடகைக்குக் கொஞ்சம் மேல்தான் விட்டுக்கொடுக்கிறீர்கள். ஆளை மாற்றும் செலவை எட்டவே மூன்றரை வருடத்துக்கு மேல் ஆகும். ஆனால் ஐந்து வருடம் தொடாமலே இருந்துவிட்டு ஒரேயடியாக 25 சதவீதம் கேட்டால் நல்லவரும் கிளம்பிவிடுவார். வருடம் 2, 3 சதவீதமாவது நகர்த்துங்கள்.

ஒப்பந்தம் முடியும் மாதத்தையும் பாருங்கள். பள்ளி திறக்கும் முன்னான மாதங்களில் வீடு தேடுபவர்கள் அதிகம். இப்போது விடுவது ஆள் குறைந்த மாதத்தில் என்றால் முதல் ஒப்பந்தத்தைப் பன்னிரண்டு மாதம் என்று போடாமல், அந்தப் பருவத்தில் முடியுமாறு கூட்டியோ குறைத்தோ போடுங்கள். பராமரிப்புக் கட்டணம் நடுவில் உயர்ந்தால் யார் கட்டுவது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சாவி கொடுக்கும் அன்று மின் மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் இரண்டு பேரும் சேர்ந்து நின்று படம் எடுத்து, அந்த எண்களை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.